சோம்பேறிப் பட்டமும் கொக்கிப் புழுவும்

தனுஷ்கோடிக்கு இன்று போகின்றவர்களுக்கு இடிந்த மாதா கோவிலையும், ரயில் ஸ்டேஷன் இருந்த இடத்தில் நிற்கும் மொட்டைச் சுவரையும் காட்டுகின்றார்கள். ராமன் வில்லின் முனையால் கீறிய இடம் இதுதான் என்று ஒரு கதையும் சொல்லுகின்றார்கள். 1964-ம் வருஷம் டிசம்பர் மாதப் புயல் ஊரையே கடலுக்குள் இழுத்துக் கொண்டு போனதையும், பயணிகளோடு ரயில் முழுகிப் போனதையும் சொல்லுகின்றார்கள். இதெல்லாம் கேட்க வேண்டியதுதான். ஆனால் 1914-ல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது முதல் 1964-ல் புயல் அடித்தது வரை, ஐம்பது வருஷ காலமாக இந்த மண்ணின் வழியாக லட்சக்கணக்கான தமிழ் மக்களின் குடலுக்குள் உட்கார்ந்துகொண்டு டிக்கட் வாங்காமலே தலைமன்னாருக்குப் பிரயாணம் செய்த ஒரு ஜீவனைப் பற்றி மாத்திரம் யாரும் சொல்லுவதில்லை. அதுதான் கொக்கிப் புழு.

இந்த ஜீவனைப் பற்றி இவ்வாரம் எழுத வேண்டிய அவசியம் என்னவென்று சிலர் கேட்கலாம். வருஷத்தில் இரண்டு தடவை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலுமாக, நமது பள்ளிக்கூடங்களிலும் அங்கன்வாடிகளிலும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பூச்சி மாத்திரை கொடுத்து மென்று தின்னச் சொல்லுகின்றார்கள் அல்லவா? 2015-ம் வருஷம் முதல் இது தேசிய ஏற்பாடாக நடந்து வருகின்றது. அந்த மாத்திரை எதற்கு என்று ஒரு தாயாரைக் கேட்டால், “வயிற்றுப் பூச்சிக்கு” என்று சரியாகச் சொல்லிவிடுவார். பூச்சி எப்படி வந்தது என்று கேட்டுப் பாருங்கள். வெல்லம் தின்றதால் வந்தது என்பார். அதற்கு மேலும் கேட்டால் கண்ணேறு பட்டது என்பார். பிள்ளை வெளுத்துச் சோகை பிடித்துக் கிடந்தால் தாயத்தும் மந்திரிப்பும் வரும். கடைசியில் “அவன் தலையெழுத்து” என்ற இடத்தில் வந்து நிற்கும். மாத்திரை போய்ச் சேர்ந்துவிட்டது, அறிவு போய்ச் சேரவில்லை. இதுதான் நாம் எழுத வந்த காரணம்.

வயிற்றுப் பூச்சி வெல்லத்திலிருந்து வருவதில்லை. மனிதனுடைய மலத்திலிருந்து வருகின்றது. இப்படிப் பச்சையாக எழுதலாமா என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். புராணங்களில் உள்ள ஆபாசங்களையெல்லாம் சபை நடுவே உட்கார்ந்து பாராயணம் செய்யவும், அதைப் பெண்டு பிள்ளைகளோடு கேட்கவும் கூச்சப்படாத நாட்டில், ஒரு வியாதியின் வழியைச் சொல்ல நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்?

குடலில் குடியிருக்கும் புழுக்களில் நாக்குப்பூச்சி என்பது ஒரு முழ நீளத்துக்குக் கொஞ்சம் குறைவாகக்கூட வளரும். அதன் முட்டை அழுக்குக் கையின் வழியாகவும், கழுவாத காய்கறியின் வழியாகவும் வாய்க்குள் போகின்றது. பெண் புழு ஒன்று நாளொன்றுக்கு இரண்டு லட்சம் முட்டை வரையில் இடும் என்கின்றார்கள். ஆனால் அது கண்ணுக்குத் தெரிகின்ற எதிரி. கொக்கிப் புழுவோ அரை அங்குலத்துக்கு மேற்படாதது. அது செய்கின்ற கேடுதான் பெரிது. முட்டை மலத்தோடு வெளியே வந்து, ஈரமும் நிழலும் உள்ள பொருபொருத்த மண்ணில் ஓரிரண்டு நாளில் பொரிக்கின்றது. ஒரு வாரம் பத்து நாளில் அந்தக் குஞ்சுப்புழு மனிதனுக்குள் புகத் தயாராகிவிடுகின்றது. அது வாய்க்காகக் காத்திருப்பதில்லை. வெறுங்காலோடு அந்த மண்ணை மிதிக்கின்றவனுடைய தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகின்றது. அப்போது காலில் அரிப்பும் சிறு கொப்புளமும் உண்டாகும்; நமது உழவர்கள் சேற்றுப்புண் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். பிறகு ரத்தத்தோடு நெஞ்சுக்குப் போய், நுரையீரலில் ஏறி, தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டுக் குடலில் இறங்கி, அங்கே பல்லைப் பதித்து ரத்தம் குடிக்க ஆரம்பிக்கின்றது.

இந்தத் தோல் வழி எப்படித் தெரியவந்தது என்பது ருசிகரமான சங்கதி. எகிப்து தேசத்தில் கெய்ரோ நகரத்தில் லூஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி ஒருவர், 1898-ம் வருஷ வாக்கில், குஞ்சுப்புழு கலந்த நீரைத் தற்செயலாகத் தன் கையில் சிந்திக்கொண்டார். கை சிவந்து அரித்தது. மனிதர் அதைத் துடைத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. வாரக்கணக்காகக் காத்திருந்து தன் மலத்தையே பரீட்சை செய்து பார்த்தார். புழுவின் முட்டை அதில் இருந்தது. ரிஷிகள் ஞானதிருஷ்டியால் மூவுலகத்தையும் கண்டார்கள் என்கின்றோம். அவர்களில் ஒருவருடைய ஞானதிருஷ்டிக்காவது தன் காலடி மண்ணில் இருந்த புழு தெரிந்திருக்கக் கூடாதா?

கொக்கிப் புழுவில் இரண்டு ஜாதி உண்டு. (புழுவிலும் ஜாதி உண்டென்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம், இவை ஒன்றை ஒன்று தீண்டாமல் இருப்பதில்லை, ஒரே குடலில் சேர்ந்து வாழ்கின்றன.) குறைவாகக் குடிக்கின்ற ஜாதிப் புழுவே நூறு இருந்தால் நாளைக்கு மூன்று மில்லி ரத்தம் போகும். மாதத்துக்குத் தொண்ணூறு மில்லி. அரை வயிற்றுக் கஞ்சி குடிக்கின்ற ஒரு கூலிக்காரப் பெண், மாதந்தோறும் போகின்ற மற்ற ரத்தத்தோடு இதையும் இழந்துவிட்டு, அதை எதைக் கொண்டு ஈடு செய்வாள்? அவளுக்கு மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், கண்ணின் உட்புறம் வெளுத்துப்போகும், வேலையில் கை ஓடாது. பிள்ளையாக இருந்தால் மண்ணைத் தின்னும், வளராது, பள்ளியில் தூங்கும். ஊரார் இதற்கு வைத்திருக்கும் பெயர் சோம்பல்.

இந்தச் சோம்பேறிப் பட்டத்தைப் பற்றித்தான் நாம் முக்கியமாகப் பேச வேண்டும். பள்ளனும் பறையனும் சக்கிலியும் சோம்பேறிகள், அது அவர்கள் பிறவிக் குணம், தமோகுணம், ஆதலால் அடித்து வேலை வாங்கினால்தான் நடக்கும் என்று எத்தனை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கின்றார்கள்! சாஸ்திரத்தைக் காட்டினார்கள், பூர்வ கர்மத்தைக் காட்டினார்கள். அமெரிக்காவின் தெற்கு ராஜ்யங்களில் உள்ள ஏழை வெள்ளைக்காரர்களுக்கும் இதே பட்டம் இருந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவர்கள் பறையர் அல்ல, கருப்பர்கூட அல்ல. ஆனாலும் வெளுத்து, வயிறு உப்பி, வேலை செய்ய மாட்டாதவர்களாக இருந்தார்கள். 1902-ல் ஸ்டைல்ஸ் என்ற டாக்டர், இதற்குக் காரணம் கொக்கிப் புழு என்று எடுத்துச் சொன்னபோது, பத்திரிகைக்காரர்கள் “சோம்பேறிக் கிருமி” கண்டுபிடிக்கப்பட்டதென்று கேலியாக எழுதினார்கள். 1909-ல் ராக்பெல்லர் என்ற பெரும் பணக்காரர் பத்து லட்சம் டாலர் கொடுத்து அந்தப் புழுவை ஒழிக்க ஒரு சபை ஏற்படுத்தினார். பிள்ளைகளைப் பரிசோதித்தபோது பத்துக்கு நான்கு பேருக்குப் புழு இருந்தது. மருந்து கொடுத்தார்கள், கக்கூசு கட்டச் சொன்னார்கள், சோம்பேறிகள் எழுந்து நடந்தார்கள். பிறவிக் குணமாக இருந்தால் மருந்துக்குப் போகுமா?

இனி நமது தனுஷ்கோடிக்கு வருவோம். அந்த ரயிலில் இரண்டு விதமான ஜனங்கள் வந்தார்கள். ஒரு விதம், காசியிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் பாவம் தொலைக்க ராமேஸ்வரத்துக்கு வந்தவர்கள். இருபத்திரண்டு தீர்த்தத்தில் தலை முழுகி, பண்டாக்களுக்குத் தட்சணை கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். இன்னொரு விதம், திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, ராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கங்காணியின் பின்னால் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள். இவர்களுக்குத் தீர்த்தம் இல்லை. இவர்களை மண்டபம் முகாமில் இறக்கி, தொத்து வியாதி இருக்கின்றதா என்று பார்த்து, அம்மை குத்தி, சில நாள் அடைத்து வைத்துப் பிறகுதான் தனுஷ்கோடித் துறைக்கு அனுப்பினார்கள். 1920-களில் அந்த முகாமிலேயே கொக்கிப் புழுவுக்கும் மருந்து கொடுக்க ஆரம்பித்தார்கள்.

ஏன் கொடுத்தார்கள்? 1916-ம் வருஷம் இலங்கையில் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் ராக்பெல்லர் சபையார் தொழிலாளிகளைப் பரிசோதித்துப் பார்த்தபோது, நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேலாகக் கொக்கிப் புழு இருந்தது. தோட்டத் துரைமார்கள், தமிழன் வரும்போதே இந்தியாவிலிருந்து புழுவைக் கொண்டு வருகின்றான் என்றார்கள். கொண்டு போனது உண்மைதான். ஆனால் அங்கே லயங்களில் என்ன இருந்தது? நூற்றுக்கணக்கான பேருக்குக் கக்கூசு இல்லை. தேயிலைச் செடிக்கு இடையிலேதான் போக வேண்டும்; மழையும் நிழலும் உள்ள மலை மண்; மறுநாள் அதே செடிக்கு இடையில் வெறுங்காலோடு கொழுந்து கிள்ள வேண்டும். புழு இதைவிட நல்ல இடத்தைச் சொர்க்கத்தில்கூடக் காணாது. மருந்து கொடுக்கின்றவர்கள் கக்கூசு கட்டுங்கள் என்றார்கள். துரைமார்களில் பெரும்பாலோர் பணம் செலவாகுமென்று தட்டிக் கழித்தார்கள். மருந்து சாப்பிட்டுப் பேதியாகி ஒரு நாள் இரண்டு நாள் வேலைக்கு வராமல் போவதைக்கூட நஷ்டக் கணக்கில் எழுதினார்கள். ஆகவே புழு போகும், திரும்ப வரும். அந்த மருந்துகளும் லேசானவையல்ல. அவற்றில் ஒன்றான கார்பன் டெட்ராகுளோரைடு ஈரலைக் கெடுக்கும் என்று பின்னால் கைவிடப்பட்டது. கூலிக்காரன் உடம்பில் ரத்தம் ஊற வேண்டும் என்று கொடுத்ததல்ல, தேயிலை மூட்டை கூட வேண்டும் என்று கொடுத்தது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கணக்குப் பார்த்தாவது அவனுக்கு மருந்து கொடுத்தவன் வெள்ளைக்காரன். அவனைச் சோம்பேறி என்று சொல்லிக் கொண்டே இருந்த நமது மிராசுதார் கணக்குக்கூடப் பார்க்கவில்லை.

மிராசுதார் செய்தது இவ்வளவுதானா என்றால், இல்லை. 1930-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் இதே ராமநாதபுரம் ஜில்லாவில் (அப்போது சிவகங்கை, விருதுநகர் பகுதிகளும் இதில் சேர்ந்தவை) மேல்ஜாதிக்காரர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஜனக்கணக்கெடுப்புக் கமிஷனராக இருந்த ஹட்டன் துரை தமது ஜாதி பற்றிய புத்தகத்தில் இதை எழுதி வைத்திருக்கின்றார். பொன்னும் வெள்ளியும் அணியக் கூடாது. முழங்காலுக்குக் கீழே வேஷ்டி தொங்கக் கூடாது. சட்டை போடக் கூடாது. பெண்கள் மேலாடை போடக் கூடாது. மண் பாத்திரம் தவிர வேறு பாத்திரம் கூடாது என்று போய், குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்புப் போடக் கூடாது என்று முடிகின்றது. இந்த ஜில்லாவில் உள்ள கொக்கிப் புழுக்கள் எல்லாம் ஒரு மகாநாடு கூட்டித் தீர்மானம் போட்டிருந்தாலும், இதைவிடத் தங்களுக்கு அனுகூலமாக ஒரு சட்டம் எழுதியிருக்க முடியாது. வயலில் இறங்குகின்றவனும், மலம் எடுக்கின்றவனும், ஊருக்கு வெளியே கொல்லைப்பக்கத்தில் குடியிருக்கின்றவனும் யாரோ, அவன் காலில்தான் செருப்பு இருக்கக் கூடாதாம். முதலில் செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டு, புழு ஏறினதும் சோம்பேறி என்று சொல்லி, சோம்பேறிக்குப் பூர்வ ஜன்ம வினை என்று சாஸ்திரமும் சொல்லிவிட்டால் காரியம் முடிந்துவிடுகின்றது. அடுத்த வருஷம் ஜூன் மாதத்தில் அந்தத் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மாடுதான் மேய்க்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று.

இது பழங்கதை என்பார்கள். 2023-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் திருப்பூர் ஜில்லா மடத்துக்குளம் பக்கத்தில் ராஜாவூர் என்ற கிராமத்தில், தாழ்த்தப்பட்ட மக்கள் சுமார் அறுபது பேர் மேல்ஜாதித் தெருவில் முதன்முதலாகச் செருப்புப் போட்டுக்கொண்டு நடந்தார்கள் என்று பத்திரிகைகளில் வந்தது. சந்திரனுக்கு யந்திரம் அனுப்பி இறக்கின அதே வருஷம்!

இன்றைய நிலைமை என்ன? உலகத்தில் மண் வழிப் புழு உள்ளவர்கள் சுமார் 150 கோடிப் பேர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிடுகின்றது. நமது தமிழ்நாட்டிலேயே வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியார், திமிரி வட்டாரத்திலும் ஜவ்வாது மலையிலும் 2017-ம் வருஷம் முதல் ஒரு பெரிய ஆராய்ச்சி நடத்தினார்கள். ஆரம்பத்தில் பரிசோதித்தபோது சுமார் ஐந்துக்கு ஒருவருக்குப் புழு இருந்தது. அதுவும் பெரும்பாலும் கொக்கிப் புழுவே. பிள்ளைகளுக்கு மட்டும் மாத்திரை கொடுத்தால் போதுமா, ஊரில் உள்ள பெரியவர்களுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டுமா என்பதைச் சோதிப்பதே அந்த ஆராய்ச்சி. இது நியாயமான கேள்வி. நாக்குப்பூச்சி பிள்ளைகளிடம் அதிகம்; கொக்கிப் புழுவோ வயதாக ஆக அதிகமாகின்றது. பள்ளிக்கூடத்தில் மாத்திரை தின்ற பிள்ளை வீட்டுக்கு வந்தால், வயலுக்குப் போய்வரும் தகப்பனும் பாட்டியும் புழுவை வைத்துக்கொண்டிருக்கின்றார்கள்.

ராமநாதபுரம் சீமை வறண்ட சீமை. கடலோர உப்பு மணலில் இந்தக் குஞ்சுப்புழு பிழைக்காது. ஆகவே மலைத்தோட்டத்தைப் போலவோ, ஈரம் மாறாத நஞ்சைக் கிராமத்தைப் போலவோ இங்கே இருக்குமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் கிணற்றடியிலும், கொடிக்காலிலும், கண்மாய்க் கரையிலும், கருவேலங் காட்டு நிழலிலும் ஈரம் இருக்கின்றது, மழைக்காலம் இருக்கின்றது, ஒதுங்குகின்ற இடமும் அவைதான். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல், அதாவது நூற்றுக்கு 53 பேர், சோகை பிடித்தவர்கள். சின்னஞ்சிறு குழந்தைகளில் 57 பேர். இதெல்லாம் புழுவினால்தான் என்று சொன்னால் அதுவும் ஒரு மூடநம்பிக்கையாகும். சாப்பாட்டுக் குறைவே பெரிய காரணம். ஆனால் குறைவாகப் போட்ட சோற்றிலும் பங்கு கேட்கின்றது புழு.

ராமேஸ்வரத் தீவைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் புண்ணிய ஸ்தலத்துக்கு வந்த ரயில்கள் எல்லாம், வழிநெடுகத் தண்டவாளத்தின் மேல் யாத்ரீகர்களின் மலத்தைக் கொட்டிக் கொண்டேதான் வந்தன. 2016-ம் வருஷம் ஜூலை மாதத்தில்தான் மானாமதுரை முதல் ராமேஸ்வரம் வரையிலான பாதை, மலம் கொட்டாத பாதை என்று, இந்தியாவிலேயே முதலாவதாக ஏற்படுத்தப்பட்டது. இதற்காக ரயில்வேக்காரர்களை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம். ராமனுக்கு நூற்றிரண்டு வருஷமாகத் தோன்றாத யோசனை, ஒரு இஞ்சினீயருக்குத் தோன்றிற்று.

தனுஷ்கோடியில் புயலுக்குப் பிறகு மனிதர் வசிக்கத் தகாத இடம் என்று சர்க்கார் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் மீன் பிடிக்கின்ற குடும்பங்கள் அங்கே குடிசை போட்டு வாழ்ந்து வருகின்றன. தகாத இடம் என்ற ஒரு வார்த்தையால், விளக்கும் குழாயும் நெடுங்காலம் அவர்களுக்கு எட்டாமலே போயின. 2017-ல் அரிச்சல்முனை வரை நல்ல தார் ரோடு வந்தது. அது வேடிக்கை பார்க்க வருகின்றவர்களுக்கு. அந்தப் பெண்கள் மணலைக் கையால் தோண்டி, ஊறி வரும் தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தை நிரப்புகின்றார்கள். சுற்றிலும் உப்புக்கடல் இருக்க நல்ல தண்ணீர் ஊறுவது ராமன் அருள் என்று வழிகாட்டிகள் சொல்லுவார்கள். மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்பு நீரின் மேல் எண்ணெய் போல மிதந்து நிற்கின்றது; அவ்வளவுதான் சங்கதி. ஆழமில்லாத இந்த ஊற்றுக்குப் பக்கத்தில் குழிக்கக்கூசு வெட்டினால், மணலில் கசிந்து அதே தண்ணீரில் சேரும். அமீபாவும் பேதிக் கிருமியும் அந்த வழியாகக் குடலுக்குத் திரும்பி வரும். வெட்டாவிட்டால் வெட்டவெளி. ஆதலால், ஊரெல்லாம் ஒரே மாதிரிக் கக்கூசு கட்டிக் கணக்கு எழுதிவிடுகின்ற உத்தியோகஸ்தர்கள், இந்த மணல் திட்டுக்கென்று தனியாக யோசிக்க வேண்டும். அடிப்பகுதி கசியாத தொட்டியாகவோ, தரைக்கு மேலே உயர்த்திக் கட்டினதாகவோ இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரும் கூடவே வர வேண்டும்.

மற்ற ஊர்களுக்கு இரட்டைக்குழிக் கக்கூசு நல்லது. ஒரு குழி நிரம்பினதும் மூடிவிட்டு அடுத்ததைத் திறக்க வேண்டும். மூடினதை ஒன்றிரண்டு வருஷம் அப்படியே விட்டால் நாற்றமில்லாத மண்ணாகிவிடும். அதை வீட்டுக்காரனே அள்ளலாம், ஒரு ஜாதியைக் கூப்பிட்டு அள்ளச் சொல்ல வேண்டியதில்லை. மலத்தை மனிதன் கையால் அள்ளச் செய்வது 1993-லும் 2013-லும் சட்டத்தால் தடுக்கப்பட்டிருக்கின்றது. ஆனால் அள்ளின மண்ணைக் கண்டு “தீட்டு” என்று ஓடுகின்ற வீட்டுக்காரன் இருக்கும்வரை அந்தச் சட்டம் காகிதத்தில்தான் இருக்கும். சில வீடுகளில் சர்க்கார் பணத்தில் கட்டின கக்கூசில் விறகு அடுக்கியிருக்கின்றார்கள், ஆடு கட்டியிருக்கின்றார்கள். வீட்டுக்குள் கக்கூசு இருந்தால் வீடு தீட்டாகிவிடுமாம். குடலுக்குள் புழு இருந்தால் தீட்டில்லையாம்!

சுயமரியாதைத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்லுகின்றோம். ஜனவரி 26-ந் தேதி கிராமசபை கூடுகின்றது; அதற்குப் பதினைந்து நாள் கழித்துப் பூச்சி மாத்திரை நாள் வருகின்றது. அந்தச் சபையில் எழுந்து நின்று மூன்று கேள்வி கேளுங்கள். நமது ஊரில் காகிதத்தில் எத்தனை கக்கூசு, தண்ணீரோடு நடக்கின்றது எத்தனை? சேரியில் எத்தனை, ஊரில் எத்தனை? குழி நிரம்பினால் அள்ளுவது யார், அவனுக்குக் காலுக்குப் பூட்சும் கைக்கு உறையும் யார் கொடுத்தது? பதிலைச் சபை நோட்டில் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். மாத்திரை நாளில் பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடிப் போய்க் கூட்டி வாருங்கள். வராதவர்கள்தான் மாடு மேய்க்கின்றவர்கள், அவர்களுக்குத்தான் புழு அதிகம். பெரியவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள். கர்ப்பமான பெண்கள் மாத்திரம் முதல் மூன்று மாதத்தில் இந்த மருந்தைத் தின்னாமல் டாக்டரைக் கேட்டு நடந்துகொள்ள வேண்டும். பிள்ளைக்குத் தாயத்து வாங்க வைத்திருக்கும் பணத்தில் ஒரு ஜோடி ரப்பர்ச் செருப்பு வாங்குங்கள். அதைப் போட்டுக்கொண்டு எந்தத் தெருவிலாவது நடக்கக் கூடாதென்று எவனாவது சொன்னால், அந்தத் தெருவின் பெயரை நமக்கு எழுதுங்கள். அடுத்த வாரமே பிரசுரிக்கின்றோம்.